தூசிப் பை

ரைபிள் கிளப்பில் சுட்டு முடித்த தோட்டாக்களுக்கு மீண்டும் மருந்தடைப்பவள் ரெஜினா. அன்று பிரைமர் தட்டு கைதவறி விழுந்தது. தோட்டாவின் அடியில் பொருத்தும் பிரைமர்கள் சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை; நசுங்கினால் வெடிப்பவை. பொறுக்கியதில் நூற்றுக்கு ஒன்று குறைந்தது. டார்ச் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள், துப்புரவுக்கு வரும் சகாயம் அக்கா அந்த அறையில் வேக்வம் கிளீனரை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்கக்கா! உள்ள ஏதாச்சும் போச்சா?”

“டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுது. எப்பவும் கேக்குறதுதானே?”

ரெஜினா பிளக்கைப் பிடுங்கினாள். பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இயந்திரத்தை அலுங்காமல் வெளியே தூக்கிப்போய், தூசிப் பைக்குள் தண்ணீர் ஊற்றினாள். சேற்றை விரலால் மெல்ல விலக்கியபோது பித்தளை மினுங்கியது.

“கிடைச்சிருச்சுக்கா!”

“அப்ப இது என்னம்மா?”

சேற்றில் இன்னொரு பிரைமர் கிடந்தது. ரெஜினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்றுவரை ஒருநாளும் எண்ணிக்கை குறைந்ததில்லை. தட்டை வெளியே எடுத்துவந்து, அதில் இருந்தவற்றை மறுபடி எண்ணிப் பார்த்தாள். தொண்ணூற்றொன்பதுதான்.

“அப்ப இது முன்னாடியே உள்ள இருந்துச்சா? காலையிலகூட இந்த மெஷினைப் படியில தடதடன்னு இழுத்துட்டு வந்தேனே,” என்றார் சகாயம்.

ரெஜினா ஈரக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அறைக்குள் போகாமல், அதன் தரையையே பார்த்தபடி வாசலில் நின்றார்கள்.