சத்தமில்லாத கார்

ஷாகிரா வாங்கியது ஐந்து வருடம் ஓடிய ஹைபிரிட் கார். நெடுஞ்சாலையில் மிதித்தால் சீறிப் பாயும்; தெருவுக்குள் வந்ததும் பேட்டரிக்கு மாறிச் சத்தமே இல்லாமல் போகும். அந்த அமைதி அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் காலை, முனை வீட்டு எபனேசர் பால் பாக்கெட்டோடு நேராக அவள் காருக்கு முன்னால் இறங்கினார். பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவர். காதை நம்பித்தான் தெருவைக் கடப்பார். அவள் பிரேக்கை அழுத்தி மிதித்தாள். அவருடைய கைத்தடி பம்பரில் இடித்தது.

"யாருங்க வண்டிய நடுரோட்டுல நிறுத்துனது?"

"நிறுத்தலை சார். வந்துட்டிருந்தேன்."

அவர் பானட்டைத் தடவிப் பார்த்தார். சூடே இல்லை.

"எனக்குக் கேக்கவே இல்லையேம்மா" என்றார்.

மறுநாள் ஷாகிரா தெருமுனைக்கு முன்பே காரை, பேட்டரிக்கு மாறவிடாத ஸ்போர்ட் மோடுக்கு மாற்றினாள். எஞ்சின் தெருவே அதிர உறுமியது. மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "காலங்காத்தால ரேஸ் ஓட்டுறியா?" என்று கத்தினார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. தெருவோரம் நின்றிருந்த எபனேசர் அவள் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார்.

"கேக்குதும்மா. நீ போ."