ஞாயிற்றுக்கிழமைத் தறி

எல்லப்பனுக்கு இரக்கம் என்பதே கிடையாது என்று எழிலன் அன்றைக்குத் தீர்மானமாக முடிவு கட்டிவிட்டான்.

பின்னே என்ன? ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்மையார்குப்பத்தில் அந்தத் தெரு முழுக்க விசைத்தறியை நிறுத்திவிடும். கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு மத்தியானம் நிம்மதியாகப் படுக்கும். பக்கத்து ஷெட் எல்லப்பன் மட்டும் ஓட்டுவார். அதுவும் இவர்கள் கிடாரைக் கையில் எடுக்கிற நேரம் பார்த்து.

இவர்கள் என்றால் மூன்று பேர். எழிலன் கிடார், ஸ்ரீவிஷ்ணு பேஸ் கிடார். இரண்டு பேரும் திருத்தணியிலிருந்து பைக்கில் வருவார்கள். டிரம்ஸ் அடிக்கிற இளம்பரிதி உள்ளூர்க்காரன். அவன் சித்தப்பாவின் காலி ஷெட்தான் ஒத்திகைக்கு இடம். பாட ஆள் கிடையாது. வெறும் வாத்தியம், காதைப் பிளக்கிற ராக். திருத்தணியில் வாடகைக்கு எடுத்த இடத்திலெல்லாம் விரட்டியடித்த பிறகு இங்கே வந்து சேர்ந்தார்கள்.

காலையில் சென்னையிலிருந்து பத்மப்ரியா போன் செய்தாள். இசை விழா நடத்துகிறவள். முதல் நாள் மெட்டல் குழுக்கள், மறுநாள் போஸ்ட் ராக் குழுக்கள், நீங்கள் எந்த வகை என்று கேட்டாள். அனுப்பிய பதிவில் ஏதோ மெஷின் சத்தம்தான் கேட்கிறதாம், ஒன்றும் புரியவில்லையாம். சாயங்காலத்துக்குள் தெளிவாக வாசித்து அனுப்பி, வகையையும் சொன்னால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னாள். இல்லையென்றால் வேறு குழு காத்திருக்கிறது.

இந்த வாய்ப்பும் போனால் குழு கலைந்துவிடும். ஸ்ரீவிஷ்ணுவின் அப்பா நாராயணசுவாமி, திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர். ஆட்டமெல்லாம் போதும், அடுத்த மாதம் நீயும் வந்து கரண்டியைப் பிடி என்று மகனிடம் சொல்லியாகிவிட்டது.

வாசித்து அனுப்புவது இருக்கட்டும், முதலில் நாம் என்ன வகை என்பதிலேயே அடிதடி ஆரம்பித்துவிட்டது.

மெட்டல் என்றான் இளம்பரிதி. நான் அடிக்கிற அடியில் கூரைத் தகரம் ஆடுகிறது, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்பது அவன் கட்சி. ஸ்ரீவிஷ்ணு ஒத்துக்கொள்ளவில்லை.

"மெதுவா ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏறிகினு போறோம். நடுவுல எல்லாரும் கைய எடுத்துட்டு எழிலன் மட்டும் ஒத்தக் கம்பியில வாசிக்கிறான் பாரு, அதான்டா உயிரு. அது போஸ்ட் ராக்தான்."

"அந்த உயிரு எங்கடா கேக்குது?" இளம்பரிதி சுவரைக் காட்டினான். "நம்ம குழுவுல நாலாவது ஆளு எல்லப்பன். அவரு தறி நிக்கிற வரைக்கும் நாம மெட்டல்தான்."

எழிலன் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். எந்த வகையானால் என்ன, யாராவது மேடையில் ஏற்றினால் போதும் என்றிருந்தது அவனுக்கு. ஆனால் அந்த ஒற்றைக் கம்பி இடம் அவன் மாதக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்தது. அதை ஒருத்தர்கூடக் கேட்காமல் போய்விடுமோ என்றுதான் பயமாக இருந்தது.

செல்போனைப் போர்வைக்குள் வைத்துப் பதிவு செய்து பார்த்தார்கள். மூலைக்கு மூலை மாற்றி வைத்தும் பார்த்தார்கள். கிடார் எங்கோ முனகியது, தறி மட்டும் கணீரென்று கேட்டது. வெயில் சாய ஆரம்பித்துவிட்டது.

எழிலன் எழுந்து பக்கத்து ஷெட்டுக்கு நடந்தான். முன்பு ஒருமுறை கேட்டபோது, "என் தறி ஓடினா உனக்கு இன்னாபா?" என்று வாசலோடு அனுப்பிவிட்ட மனுஷன். கெஞ்சுவதா, சண்டை போடுவதா என்று முடிவு செய்வதற்குள் கதவு வந்துவிட்டது.

உள்ளே போனவன் அப்படியே நின்றான்.

அத்தனை தறியும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றிலும் பாவு இல்லை. ஓர் இழை நூல்கூட இல்லை. ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடா மட்டும் வெறுமனே இப்படியும் அப்படியும் பாய்ந்துகொண்டிருந்தது. எல்லப்பன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எழிலனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கிட்டே போய்க் கத்தினான்.

"வேணும்னே ஓட்டறீங்களாண்ணா?"

எல்லப்பன் பஞ்சை எடுத்தார்.

"ஆங். வேணும்னேதான்."

அதற்கு மேல் சண்டை போட அவனிடம் தெம்பில்லை. விழா, சாயங்காலக் கெடு, மடப்பள்ளி, ஒற்றைக் கம்பி என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். இன்றைக்கு மட்டும், கொஞ்ச நேரம் மட்டும் நிறுத்துங்கள் என்று கேட்டான்.

எல்லப்பன் முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து போய் மெயினை அணைத்தார். தறிகள் தடுமாறி நின்றன. தெருவே திடீரென்று காலியாகிவிட்டதுபோல் இருந்தது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? போ நைனா, போய் வாசி."

எழிலன் வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். அப்புறம் எதற்கண்ணா நூலே இல்லாமல் ஓட்டினீர்கள் என்று கேட்டான்.

"தறிச் சத்தத்துல இந்தத் தெரு நல்லா தூங்கும். ஒங்க சத்தத்துல தூங்குமா? மொத வாரமே ஷெட்ட காலி பண்ண வெக்கணும்னு கும்பலா கெளம்பிட்டாங்க. அதான் ஒங்க சத்தம் அமுங்கட்டும்னு ஓட்டறேன்."

அவர் தெருப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாராவது வந்து இன்னா சத்தம்னு கேட்டா நீ வாயத் தொறக்காத. எல்லப்பன் புதுசா ஒரு தறி போட்டிருக்கான், அது இன்னும் சரியா ஓட மாட்டேங்குதுன்னு தெரு பூரா சொல்லி வெச்சிருக்கேன்."