ஆமென் சொல்லும் வரை

"கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு ஜெபம் பண்ணி இதுவரைக்கும் ஒரு ஆத்துமாகூட பரலோகம் போனதா சரித்திரமே கிடையாது, பாஸ்டர்!"

பரலோகத்து வாசலில் நின்று ஒவ்வொருவரையும் எண்ணிவிட்டு நேரே இங்கே வந்தவர் போலச் சொன்னார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

ஆலயத்தின் பின்னால், பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் சின்ன அறை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு பக்கம் போதகர். எதிரே கடைக்காரரும் அவர் மனைவியும். நடுவில் அவர்களுடைய ஏழு வயது மகள்.

"என்ன விஷயம்னு பொறுமையா சொல்லுங்க, பிரதர்."

"குடும்ப ஜெபத்துல இவ கண்ணையே மூட மாட்டேங்கிறா. ஆந்தை மாதிரி முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. பார்வைக் கோளாறோன்னு கடையில உட்கார வச்சு நானே செக் பண்ணிட்டேன். கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிக்கிறா. அப்போ கோளாறு கண்ணுல இல்ல, கொழுப்புல இருக்கு."

"கொழுப்பெல்லாம் இல்லங்க," என்றாள் மனைவி. "ராத்திரி தூங்கவும் மாட்டேங்கிறா, பாஸ்டர். நான் குளிக்கப் போனாலும் கதவுகிட்டயே நிக்கிறா. கிளாஸ்ல தூங்கி விழறான்னு டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாங்க. பிள்ளை நாளுக்கு நாள் துரும்பா இளைக்கிறா. உங்ககிட்ட யோசனை கேட்கலாம்னு நான்தான் இவரை இழுத்துட்டு வந்தேன்."

"இதுல யோசனை கேட்க என்ன இருக்கு? நீங்க ஒரு அதட்டு அதட்டினா சரியாப் போயிடும். போன மாசம் என் சம்சாரம் அவங்கம்மா வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வந்தா. நான் கடையே கதின்னு கிடந்தேன். கேட்க ஆளில்லாம இது கெட்டுப்போச்சு."

மனைவி கைக்குட்டை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். மகள் சட்டென்று எழுந்து, தன் நாற்காலியை அம்மாவின் நாற்காலியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.

போதகர் அதட்டவில்லை. நாற்காலியை விட்டு இறங்கி, அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"கண்ணை மூடினா இருட்டா இருக்குன்னு பயமா, பாப்பா?"

"இருட்டுக்கு நான் பயப்பட மாட்டேன்."

"பின்னே?"

மகள் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "சொன்னா அப்பா திட்டுவாரு."

"நான் எங்க திட்டுறேன்? நான் ஜெபம்தானே பண்றேன்!" என்றார் கடைக்காரர்.

"பிரதர், கொஞ்சம் சும்மா இருங்க. நீ சொல்லும்மா. அப்பா திட்டாம நான் பார்த்துக்கிறேன்."

மகள் அம்மாவின் கைப்பை வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"அன்னைக்கு அப்பா ரொம்ப நீளமா ஜெபம் பண்ணாரு. அம்மாவோட சமையல், அம்மாவோட வாய், அம்மாவோட அம்மா, எல்லாத்தையும் திருத்தும் ஆண்டவரேன்னு. நான் நல்ல பிள்ளையா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். ஆமென் சொல்லித் திறந்தா, அம்மாவும் இல்ல, அம்மாவோட பெட்டியும் இல்ல."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

"மத்ததை அப்புறம் பேசுவோம்," என்றார் போதகர். "முதல்ல ஜெபிப்போம். நீங்களே பண்ணுங்க, பிரதர். சின்னதா."

கடைக்காரர் கண்ணை மூடினார். கணீரென்று தொடங்குகிறவர் அன்று மெல்லத் தொடங்கினார்.

"ஆண்டவரே... இந்த வீட்டை..."

பக்கத்தில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. ஜெபம் நின்றது. கடைக்காரர் மெதுவாக ஒரு கண்ணைத் திறந்து, மனைவி இருக்கிறாளா என்று பார்த்தார்.

இருந்தாள்.

அப்பாவையே கவனித்துக்கொண்டிருந்த மகள், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று தன் கண்களை மூடிக்கொண்டாள்.