இலவச மேசை

"இலவசமா ஆலோசனை கேட்டு முன்னேறின பிள்ளை சிங்கப்பூர் சரித்திரத்துலேயே கிடையாதும்மா!" என்றார் ரகுபதி. லிட்டில் இந்தியாவில் கல்வி ஆலோசனை நிலையம் நடத்துபவர்.

விசாலாட்சிக்குக் குழப்பம். மகன் ஷங்கர் பாலிடெக்னிக் முடித்துவிட்டான். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான்.

"பூன் லே சமூக மன்றத்துல சும்மாவே ஃபார்ம் நிரப்பித் தர்றாங்களாமே சார்? உதவிநிதிக்கும் வழி சொல்றாங்களாம்."

"சும்மாவா? அவங்களுக்கு என்ன லாபம்? யோசிங்க லா! பையனோட ஐசி அட்டை நம்பர், உங்க சம்பளச் சீட்டு எல்லாம் வாங்கி வச்சிக்கிறாங்க. எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும்? நம்மகிட்ட ஃபீஸ் ரெண்டாயிரம் வெள்ளிதான். நிம்மதியா தூங்கலாம்."

"யோசிச்சுச் சொல்றேன்."

சனிக்கிழமை, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி சமூக மன்றத்துக்கு உளவு பார்க்கப் போனாள் விசாலாட்சி. யாரும் எதையும் பிடுங்கவில்லை. ஒரே மேசை, நீண்ட வரிசை. அவளுடைய முறை வருவதற்கு முன்னால் தொப்பியும் முகக்கவசமும் அணிந்த ஒருவர், மகளோடு மேசை முன் உட்கார்ந்திருந்தார்.

"பொண்ணுக்கு உதவிநிதி கேக்குறதால, அப்பா என்ன வேலைன்னு எழுதணும் அங்கிள்," என்றாள் தொண்டூழியப் பெண்.

"சொந்தத் தொழில்."

"என்ன தொழில்?"

முகக்கவசத்தை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, மிக மெதுவாகச் சொன்னார் ரகுபதி.

"கல்வி ஆலோசனை."