சிவப்பு வட்டம்

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தன் டியூட்டி அட்டவணைக்கு முன்னால் விமானி நின்றார். அவர் வீட்டிலிருக்கும் நாட்களைச் சுற்றி மனைவி சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். இருபத்தாறு வருடப் பழக்கம். மாதத்துக்கு ஏழெட்டு வட்டம் தேறினாலே அதிகம். பாவம், எப்படி வழிமேல் விழி வைத்துக் காத்திருந்திருக்கிறாள்!

மகள் நடக்கத் தொடங்கியதையும் அப்பா கண்மூடியதையும் அவர் போனில்தான் கேட்டார். பதிலுக்குக் கண்டதெல்லாம் மேகமும் ஓட்டல் கட்டில்களும்தான். வீடு திரும்பினால் மட்டுமே நிம்மதி. ஊசி விழுந்தால்கூடக் கேட்கும், அவ்வளவு அமைதி.

"வேலையை விட்டுட்டேன். இனிமே எல்லா நாளுக்கும் வட்டம் போடு," என்றார்.

மனைவியின் கையிலிருந்த துண்டு நழுவியது. "எல்லா நாளுமா?"

"ஏன், சந்தோஷமில்லையா?"

"இருக்காதா பின்ன?" என்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேஜை மேலிருந்த அவளுடைய போன் அடித்தது. மகள்தான். அவரே ஆசையாக எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, இந்த வாரம் வட்டமில்லாத நாள் என்னிக்கு? பாப்பாவைக் கூட்டிட்டு வரேன். அப்பா இருக்கறப்ப வேண்டாம்மா. 'நாளைக்கு அப்பா பிளேன் ஓட்டணும், தூங்கட்டும், மூச்சு விடாதே'ன்னு என் வாயைப் பொத்திப் பொத்தி நீ வளர்த்தது போதும். இவளாவது சத்தம் போட்டு வளரட்டும்."

பின்னால் பேத்தி வீடே அதிரச் சிரித்தாள்.

அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் என்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது.