டீனா அனுப்பிய ட்ரோன்

"லூயிசா மேடம் வீடு இதுதானே? கூரையைச் செக் பண்ண வந்திருக்கேன். உங்க பொண்ணு டீனா மேடம் புக் பண்ணியிருக்காங்க."

லூயிசாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெங்களூரில் இருக்கும் டீனா ஈஸ்டருக்கு முன்னால் பேசியதோடு சரி. கூப்பிட்டால் எடுப்பதில்லை. 'மீட்டிங், அப்புறம்' என்று ஒரு வரி வரும். அந்த அப்புறம் மட்டும் வந்ததே இல்லை.

வந்தவன் பெயர் விநாயக், பங்காருபேட்டைக்காரன். சுரங்கக் கம்பெனி காலத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இப்போது ஆள் ஏறினால் ஷீட்டும் ஆளும் சேர்ந்தே கீழே வருவார்கள். அதனால் ட்ரோனைப் பறக்கவிட்டு, மேலேயிருந்து படம் எடுத்து, எங்கே விரிசல் என்று சொல்வதுதான் தன் தொழில் என்றான். பணம் கட்டியாகிவிட்டதாம்.

"நெஜமா டீனாவா சொன்னா? கொரல் எப்படி இருந்துச்சு? சளி பிடிச்சாப்ல இருந்துச்சா?"

"போனை எடுத்தது ஆபீஸ்லம்மா. எங்கிட்ட அந்தப் பேரைத்தான் சொன்னாங்க."

லூயிசாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. மகள் மறக்கவில்லை. கூரை ஒழுகுவது அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் யோசித்தாள். சர்ச்சில் யாராவது சொல்லியிருப்பார்கள். யார் சொன்னால் என்ன?

உடனே டீனாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. வேலையாக இருப்பாள். இன்றைக்கு அது வலிக்கவில்லை.

இந்தச் செய்தி அவசரமாகப் போய்ச் சேர வேண்டிய இடம் இன்னொன்று இருந்தது. பக்கத்து வீட்டு சுந்தரராஜ்.

சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய பாலகாட் லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் கூரையைத் தொடாது. இங்கே தும்மினால் அங்கே கேட்கும். போன வருடம் அந்த மனுஷன், "இன்னா லூயிசாம்மா, பொண்ணு போனே பண்றதில்ல போல?" என்று கேட்டுவைத்தார். மனைவி போய்ச் சேர்ந்து, ஒரே மகனும் துபாய் போய்த் திரும்பாத ஆள். அவர் கேட்பதா? லூயிசாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சாயங்காலம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உரக்கப் பேசுவாள். "சாப்டியா டீனா?" என்று ஆரம்பித்து, வீட்டில் உள்ள குறையெல்லாம் சொல்லி, "சரி, ஒடம்பப் பாத்துக்க" என்று முடிப்பாள். எதிர்முனையில் யாரும் இருப்பதில்லை. பேசி முடித்ததும் வீடு முன்பைவிட வெறிச்சென்று இருக்கும். ஆனால் மானம் போகவில்லை அல்லவா?

வாசலில் ட்ரோன் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்கு சுந்தரராஜும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"எம் பொண்ணு அனுப்பிச்சிருக்கா" என்று லூயிசா வலியப் போய்ச் சொன்னாள்.

"அப்படியா? நல்லது" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். பொறாமை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. வெயிலில் படம் சரியாகத் தெரியாது என்று விநாயக் வீட்டுக்குள் வந்து போனில் காட்டினான். கட்டிலுக்கு நேர் மேலே இரண்டு விரிசல். இரண்டே ஷீட் மாற்றினால் போதும், பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்றான்.

அதே படத்தில் பக்கத்து வீட்டுக் கூரையும் பதிவாகியிருந்தது. உடைந்த ஷீட்டுகளின் மேல் நைந்துபோன தார்ப்பாய், அது பறக்காமலிருக்க நாலு கல்.

"அந்த வீடு ரொம்ப மோசம்மா. இந்த மழைக்கே தாங்காது."

லூயிசாவுக்கு ஒரு வருடக் கோபம் நாக்கு நுனிக்கு வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

"இன்னா பண்றது தம்பி? கூரை ஒழுகுதான்னு கேக்கவும் ஆளு வேணும் இல்ல? எல்லாருக்குமா எம் பொண்ணு மாதிரி அமையும்?"

அந்தப் பக்கம் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. வேண்டுமென்றே உறைக்கச் சொன்னது உறைத்துவிட்டது என்று அவளுக்குத் திருப்தி. விநாயக்குக்கு டீ கலக்க எழுந்தாள்.

அவன் போனில் எதையோ தட்டிக்கொண்டே சொன்னான்.

"புக் பண்ண நம்பருக்கு ரிப்போர்ட் அனுப்பிட்டேம்மா."

சுவருக்கு அந்தப் பக்கம் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதை மறைக்க அவசரமாக ஓர் இருமலும்.