முப்பத்தாறும் விழலை

“ஒண்ணுகூடவா விழலை?” என்று கத்தினார் கோவிந்தராஜன்.

“ஒண்ணுகூட இல்ல. ஃபிலிம் பல்லுல மாட்டாம நழுவிடுச்சு. நம்பர் மட்டும் முப்பத்தாறு வரைக்கும் ஓடியிருக்கு. உள்ள ஃபிலிம் நகரவே இல்ல.” ஜம்பு தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

கோவிந்தராஜனின் மகள் சுஷ்மாவுக்கு இரண்டு நாள் முன்புதான் நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை வீடு பம்பாய். “நம்ம வீட்டுப் பொண்ணு, ஸ்டூடியோக்காரன் எதுக்கு? நானே எடுக்கறேன்” என்று முன்வந்தவர் ஜம்பு.

மராத்திக்காரர்கள் ஊரான கட்கியில் எந்தத் தமிழர் கேமரா வாங்கினாலும் ஜம்புவைக் கேட்காமல் வாங்கமாட்டார். முதலில் எந்த லென்ஸ் போதும், ஃபிளாஷை எப்படிக் கூரையில் அடித்தால் முகம் வெளுக்காது, லேசான ட்ரைபாட் ஏன் வீண் செலவு, எல்லாம் சொல்வார். பகலில் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மற்ற நேரமெல்லாம் கேமராதான்.

“மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? பெரிசா லென்ஸ் லென்ஸா மாத்தி மாத்தி எடுத்தியே!”

“என் தப்புதான் கோவிந்து.”

“தப்புன்னா ஆச்சா? திரும்ப ஒரு தடவை நிச்சயம் பண்ண முடியுமா?”

கோவிந்தராஜன் காபியைத் தொடாமல் எழுந்து போனார்.

கதவைச் சாத்திவிட்டு வந்தாள் ஜம்புவின் மனைவி சரசா.

“ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கத் தெரியுது. ஒரு ரோலை ஒழுங்கா மாட்டத் தெரியலை. இனி நான் எப்படிங்க அவங்க வீட்டுப் பக்கம் போவேன்?”

ஜம்பு ஆறிப்போன காபி டம்ளரை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

விஷயம் பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. பேங்கில் வேலை பார்க்கும் ஹர்ஷா, போன வருஷம் அவர் சொல்லிக் கேமரா வாங்கியவன், பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டான்.

“அங்கிள், ரோல் போட்டதும் ரிவைண்ட் குமிழ் கூடவே சுத்துதான்னு பாக்கணும், சுத்தலைன்னா ஃபிலிம் மாட்டலைன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன்.”

“அப்போ நீங்க பாக்கலையா? க்யா அங்கிள்!”

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜம்புவும் லேசாகச் சிரித்துவைத்தார்.

தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வருஷா வருஷம் அவர்தான் படம் எடுப்பார். அந்த வருஷம் வேறு ஆளுக்குச் சொன்னார்கள்.

மூன்று வாரம் கழித்து சுஷ்மா வாயைத் திறந்தாள். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள். அம்மா வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போகக்கூடாது, வேலையை விட வேண்டும், தன்னைக் கேட்காமல் யாரோடும் பேசக்கூடாது என்று பையன் நிச்சயத்தன்றே தனியாகக் கூப்பிட்டு மிரட்டியிருக்கிறான். கோவிந்தராஜன் இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள் பம்பாய்க்கு போன் செய்து முறித்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் பையனின் பெரியப்பா ஜம்பு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஜோடியா நிக்கற படம் ஒண்ணே ஒண்ணு இருந்தாப் போதும் சார். அந்தப் பொண்ணுக்கு எங்கே வரன் பார்த்தாலும் அந்த வீட்டுக்கு அனுப்பறேன். எப்படிக் கல்யாணம் நடக்குதுன்னு பாக்கறேன்.”

“ஒண்ணும் விழலையே சார்.”

“நெகடிவையாவது குடுங்க.”

“இருந்தாத்தானே?”

“நீங்கள்லாம் எதுக்குய்யா கேமராவைத் தூக்கறீங்க?” என்று திட்டிவிட்டுப் போனார் அவர்.

எட்டு மாதம் கழித்து சுஷ்மாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் கூடியது. பத்திரிகை கொடுக்க வந்த கோவிந்தராஜன் ஜம்புவின் தோளைத் தட்டினார்.

“உன் முட்டாள்தனம்கூட ஒரு நாள் உதவிச்சு பாரு! ஆனா இந்தத் தடவை ஸ்டூடியோக்காரனுக்குச் சொல்லிட்டேன். தப்பா நினைச்சுக்காதே.”

“சேச்சே, அதுதான் நல்லது” என்றார் ஜம்பு.

கல்யாணத்தில் மூன்றாம் வரிசையில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். ஸ்டூடியோக்காரர் ஃபிளாஷை நேராக முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த சரசாவுக்குத்தான் அவமானமாக இருந்தது.

மறுவாரம் பாஸ்போர்ட் சைஸ் படம் வாங்க கட்கி பஜார் கலர் லேபுக்குப் போனாள் சரசா. லேப்காரர் தாம்ளேக்கு அவளைத் தெரியும், அண்ணி என்ற முறையில் வஹினி என்றுதான் கூப்பிடுவார். இந்தியில் விசாரித்தார்.

“சாகேப் வர்றதே இல்லையே வஹினி? மாசம் நாலு ரோல் கொண்டு வருவார்.”

“கேமராவைத் தொடறதையே விட்டுட்டார். போன வருஷம் அந்த நிச்சயதார்த்த ரோல் வீணாப் போச்சே, அதுலேருந்து. ஒண்ணுமே விழலை, பாவம்.”

தாம்ளே கவரில் படம் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“யார் சொன்னது? நான்தானே கழுவினேன். முப்பத்தாறும் அருமையா வந்திருந்தது. பிரிண்ட் வேண்டாம்னுட்டார். நெகடிவை மட்டும் இந்த விளக்குல வச்சு ஒண்ணொண்ணா ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கத்திரி கேட்டு வாங்கிப் பொடிப்பொடியா நறுக்கினார்.”

“அவரேவா? எதுக்கு?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது வஹினி. படத்துல மாலையும் கழுத்துமா நின்ன பொண்ணும் அன்னிக்குக் கூட வந்திருந்தது. கடைசித் துண்டை அவர் வெட்டி முடிச்ச பிறகுதான் அது அழுகையை நிறுத்திச்சு.”